மதிலுக்கு வெளியே வண்டி: டஸ்கனிக் குன்றூர்களில் ஒரு பகல்

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்துச் சியெனா நகரில், விடுதி அறையின் சிறு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு முந்தின நாள் இரவு நான் எழுதிய பட்டியலில் ஏழு ஊர்கள் இருந்தன. மறுநாள் இரவு திரும்பி வந்தபோது அவற்றுள் நான்கைத்தான் உள்ளபடியே பார்த்திருந்தோம். ஒன்றில் காப்பி மட்டும் குடித்திருந்தோம். இரண்டை அடியோடு விட்டிருந்தோம். அதற்கு ஈடாகப் பட்டியலில் இல்லாத ஒரு மடாலயத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். ஓட்டிய தூரம் மொத்தம் சுமார் 175 கிலோமீட்டர். நம் ஊர் நான்குவழிச் சாலைக் கணக்கில் அது மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்காத தூரம். எங்களுக்கு மே மாதத்தின் நீண்ட பகல் முழுவதும் போதவில்லை. அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதை, அதே வழியில் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சென்றவர்கள் மூவர்: நான், மனைவி, நில அளவைத் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் தந்தை. அவருக்கு வயது 71. இடது முழங்கால் படியேற ஒத்துழைக்காது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. வால் தோர்ச்சா எனப்படும் ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்கள் எல்லாம் குன்றின் முதுகில் ஏறி அமர்ந்தவை. காட்சிக்காக அவை அங்கே போகவில்லை. பழைய ரோமானியச் சாலை ஒன்றின் பெயரைத் தாங்கும் இன்றைய காசியா சாலை இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் ரோமுக்குச் செல்கிறது. இடைக்காலத்தில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து ரோமுக்கு நடந்த யாத்திரிகர்களின் பிராஞ்சிஜெனா வழியும் இப்பகுதியில் அதையொட்டியே சென்றது. 990-ஆம் ஆண்டையொட்டி இவ்வழியே ஊர் திரும்பிய கேன்டர்பரி பேராயர் சிகெரிக், தான் தங்கிய இடங்களை எழுதிவைத்த குறிப்பு இன்றும் இருக்கிறது. குன்றைப் பிடித்தவன் கையில் சாலை இருந்தது; சாலையைப் பிடித்தவன் கையில் சுங்கம் இருந்தது. சியெனாவும் ஃப்ளாரன்சும் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்த நூற்றாண்டுகளில் இந்த ஊர்கள் அவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மதிலை உயர்த்தின, வாயிலைக் குறுக்கின. எனவே வெளியாள் எளிதில் உள்ளே வரக் கூடாது என்றே திட்டமிட்டுக் கட்டிய ஊருக்குள் காரை ஓட்டிக்கொண்டு போக நினைப்பதே பிசகு. பயணத்தில் நான் கற்றவற்றில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையின் கிளைகள்.

அதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். இரண்டு நாள் முன்பு, வேறொரு ஊரில், விடுதியைத் தேடிக் கைப்பேசியின் வழிகாட்டிக் குரலை நம்பிப் பழைய நகரின் வாயில் ஒன்றுக்குள் வண்டியைத் திருப்பினேன். வாயிலருகே வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகையும், அதனடியில் இத்தாலிய எழுத்தும், ஒளிரும் ஒரு சொற்றொடரும் இருந்தன. 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிர்ந்ததை 'வாயில் திறந்திருக்கிறது' என்று நானாகப் பொருள் கொண்டேன். உண்மையான பொருள் 'கேமரா இயங்குகிறது, நுழையாதே' என்பது. இசட்.டி.எல். எனப்படும் இந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே செல்லலாம். மற்றவற்றின் எண்ணைக் கேமரா பிடித்துவிடும். பிடித்தது அப்போது தெரியாது. ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து, விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் என் கடன் அட்டையில் ஒரு தொகையை எடுத்தது. அதன் பின்னர் எண்பது யூரோவைத் தாண்டிய அபராதக் கடிதம் தனியே வந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தக் கடிதத்தை அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. கடிதம் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதால் அதைப் பிரிக்காமல் வைத்திருப்பது நட்டம். விடுதி மதிலுக்குள் இருந்தால், புறப்படுவதற்கு முன்பே அவர்களுக்கு எழுதி, வண்டி எண்ணைப் பதிவுசெய்ய முடியுமா, இல்லையென்றால் எந்த நிறுத்தத்தில் விடவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டிச் செயலிக்கு இந்த எல்லைகள் எப்போதும் தெரிந்திருக்கும் என்று நம்பக் கூடாது.

வண்டியைப் பற்றி இரண்டொரு சொல். இந்திய உரிமம் வைத்திருப்பவர் இத்தாலியில் ஓட்ட, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்; அது ஓராண்டு செல்லும். வாடகை அலுவலகத்தில் அதைக் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் சாலையில் நிறுத்தும் காவலர் கேட்பார், விபத்து என்றால் காப்பீட்டுக்காரரும் கேட்பார். கடன் அட்டை ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்கவேண்டும். இருப்பதிலேயே சிறிய வண்டியை எடுங்கள். தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுப் பதிவுசெய்யவேண்டும், வாடகையும் கூடும்; நான் சாதாரண கியர் வண்டியையே எடுத்தேன். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கைக்கு. முதல் அரைமணி நேரம் என் இடக்கை பழக்க தோஷத்தில் கதவுப் பிடியையே கியரென்று துழாவிக்கொண்டிருந்தது. சந்திப்புகளில் திரும்பும்போதுதான் கை பழைய பக்கத்துக்கு இழுக்கும் என்பதால், ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று சொல்லும் பொறுப்பைத் தந்தையிடம் ஒப்படைத்தேன். நாள் முழுதும் அவர் அதில் ஒருமுறையும் தவறவில்லை. ரவுண்டானாவில் இடஞ்சுழியாகப் போகவேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரியவேண்டும் என்பது சட்டம்.

காலை எட்டு மணிக்குச் சியெனாவின் தெற்கு வாயிலைத் தாண்டிக் காசியா சாலையில் இறங்கினோம். முதல் கால்மணி நேரத்திலேயே நிலம் மாறிவிடுகிறது. சியெனாவின் தெற்கே உள்ள நிலம் பழங்காலத்துக் கடலடிக் களிமண். மழை அறுத்த மேடுகளும் வழுவழுப்பான முதுகுகளுமாகப் பச்சைக் கோதுமை போர்த்திக்கொண்டு கிடந்தது. மே மாதத்தின் முதல் பாதியில் இந்தப் பச்சை உச்சத்தில் இருக்கும், ஓரங்களில் கசகசா இனத்துச் சிவப்புப் பூக்கள் மண்டியிருக்கும். ஜூன் கடைசியில் எல்லாம் பொன்னிறம். ஆகஸ்டுக்குப் பின் அறுத்து உழுத வெறுங்களிமண். படத்தில் பார்த்த பச்சையைத் தேடி ஆகஸ்டில் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

பின்னிருக்கையிலிருந்து தந்தை கேட்ட முதல் கேள்வி, "என்னப்பா, வரப்பே காணோமே?" என்பது. நான் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. ஒருவர் நிலம் எங்கே முடிந்து இன்னொருவர் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. நீர் தேக்காத மானாவாரிச் சாகுபடி என்பதால் வரப்புக்கு வேலையில்லை, டிராக்டர் வந்தபின் இடையிலிருந்த வேலிகளும் மரவரிசைகளும் போய்ச் சிறு துண்டுகள் ஒன்றாகிவிட்டன என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் திருப்தியடையவில்லை. பொழுது முழுதும் அந்தக் கேள்வி எங்களுடன் வண்டியிலேயே வந்தது.

புவோன்கொன்வெந்தோ சாலையோரத்துச் சமதள ஊர். 14-ஆம் நூற்றாண்டின் செங்கல் மதில் காசியா சாலையை ஒட்டியே எழுந்து நிற்கிறது. கவிஞர் தாந்தே பெரும் நம்பிக்கை வைத்திருந்த பேரரசர் ஏழாம் ஹென்றி 1313 ஆகஸ்ட் 24 அன்று இங்கேதான் இறந்தார். நாங்கள் மதிலோரம் நின்று காப்பி மட்டும் குடித்தோம். நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை என்பது இத்தாலியில் பல இடங்களில் உண்டு. விலைப்பட்டியல் சுவரில் தொங்கும். உட்காரவேண்டிய முழங்கால் உடன் வந்தால் அந்தக் கூடுதல் காசைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் காசியாவை விட்டு விலகி வளைந்து வளைந்து ஏறினால் மொந்தால்சீனோ. ஊரின் தெற்கு முனையில் சியெனா நகரத்தார் 1361-இல் எழுப்பிய ஐங்கோணக் கோட்டை நிற்கிறது. வண்டி நிறுத்துமிடமும் அதன் பக்கத்திலேயே இருப்பதால், ஊரின் மேல்முனையில் இறங்கி, ஏறாமல் நடக்க முடிந்தது. நிறுத்துமிடத்தில் தரையில் போட்ட கோட்டின் நிறத்தைப் பாருங்கள்: வெள்ளைக் கோடு இலவசம், ஆனால் பக்கத்துப் பலகையில் நேரவரம்பு எழுதியிருந்தால் வந்த மணியைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடியருகே வைக்கவேண்டும், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் உள்ளூர்க்காரருக்கும் சிறப்பு அனுமதிக்கும் உரியது. கட்டண இயந்திரத்துக்குச் சில்லறை நாணயம் கைவசம் இருப்பது நல்லது, எல்லா இயந்திரமும் அட்டையை ஏற்பதில்லை.

மொந்தால்சீனோவின் பெயர் இன்று மதுவால்தான் பரவியிருக்கிறது. சாஞ்ஜொவேசே என்ற ஒரே திராட்சையிலிருந்து எடுத்து, அறுவடை ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு பிறந்த பிறகே விற்பனைக்கு விடப்படும் புரூனெல்லோ இங்கத்தியது; கோட்டைக்குள்ளேயே அதற்கொரு கடை. ஆனால் கோட்டைச் சுவர்மீது நடந்தபோது என்னைப் பிடித்தது இன்னொரு செய்தி. 1555-இல் நீண்ட முற்றுகைக்குப் பின் சியெனா வீழ்ந்து பேரரசர் ஐந்தாம் சார்லசின் படைக்கும் ஃப்ளாரன்சின் ஆட்சியாளர் கோசிமோவுக்கும் பணிந்தபோது, பணிய மறுத்த சியெனா மக்களில் ஒரு பகுதியினர் இந்தக் குன்றுக்கு வந்து 'மொந்தால்சீனோவில் இருக்கும் சியெனாக் குடியரசு' என்ற பெயரில் 1559 வரை ஓர் அரசை நடத்தினார்கள். நாடு போனபின்னும் நான்கு ஆண்டுகள் ஒரு குன்றின்மேல் நாட்டின் பெயரை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். சுவரிலிருந்து வடக்கே பார்த்தால் தெளிந்த நாளில் சியெனாவின் கோபுரங்கள் தெரியும் என்றார்கள். எங்களுக்கு மூடுபனிதான் தெரிந்தது.

மதுவைச் சுவைப்பதா வேண்டாமா என்பது ஓட்டுநருக்கு எழவே கூடாத கேள்வி. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பது பொது வரம்பு; உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கு ஒரு சொட்டும் கூடாது. வளைவுச் சாலையில் புதுப் பக்கத்தில் ஓட்டுகிறவன் தனக்கும் சுழியத்தையே வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் கட்சி. உடன் வருபவர்கள் சுவைக்கட்டும். பிடித்திருந்தால் புட்டியாக வாங்கி இரவு விடுதியில் திறக்கட்டும்.

சாந்தாந்தீமோ மடாலயத்துக்குப் போனது மனைவியின் பிடிவாதத்தால். மொந்தால்சீனோவிலிருந்து பத்து கிலோமீட்டர், போன வழியே திரும்பவேண்டும், பட்டியலில் இரண்டு ஊர் போய்விடும் என்று நான் கணக்குச் சொன்னேன். "மாமாவுக்கு ஏறவேண்டியதில்லாத ஓர் இடமாவது வேண்டாமா?" என்றாள். அவள் சொன்னதே சரி. சார்லமேன் மன்னர் நிறுவியதாகக் கதை வழங்கும் அந்த மடத்தின் இன்றைய தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒலிவ மரங்களுக்கும் கோதுமைக்கும் நடுவே, பள்ளத்தில், ஒற்றைக் கோபுரத்துடன் தனியே நிற்கிறது. டிராவர்டீன் கல்லோடு ஆங்காங்கே ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல்லும் சேர்த்துக் கட்டியிருப்பதால், உள்ளே வெயில் படும் இடத்தில் தூணின் தலைப்பு தேன் நிறத்தில் கசிகிறது. மற்ற இடங்களில் விளக்கு வைத்துக் காட்டுவதை இங்கே கல்லே செய்கிறது. சிங்கக் குழிக்குள் தானியேல் நிற்கும் தூண் தலைப்பைத் தேடிப் பாருங்கள். முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். அதற்காக நான் இழந்த இரண்டு ஊர்களைப் பற்றி இன்றுவரை எனக்குக் குறையில்லை.

அந்த முக்கால் மணியின் விலை மதியச் சாப்பாட்டில் தெரிந்தது. இத்தாலியின் சிற்றூர்களில் உணவகத்து அடுப்பு பன்னிரண்டரை மணிக்குமேல் எரிந்து இரண்டரைக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகு இரவு ஏழரை வரை உட்கார்ந்து சாப்பிட வழியில்லை. கடைகளும் தேவாலயங்களும் பலவும் ஒன்றிலிருந்து மூன்று, நான்கு மணிவரை மூடிவிடும். பாஞ்ஞோ விஞ்ஞோனிக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி இரண்டு ஐந்து. முதல் கடையில் தலையசைத்து மறுத்தார்கள்; இரண்டாவதில் மனமிரங்கி உட்காரச் சொன்னார்கள். தந்தை சைவம். இந்த வட்டாரத்தில் சைவக்காரர் நம்பிக் கேட்கக்கூடியது 'பீச்சி அல்லாலியோனே': மாவும் நீருமாகப் பிசைந்து கையால் உருட்டிய தடித்த நூல்களை, அலியோனே என்னும் பெரும்பூண்டும் தக்காளியும் சேர்ந்த குழம்பில் புரட்டித் தருவது. ரொட்டியும் காய்கறியும் போட்ட ரிபொல்லீத்தா என்ற கெட்டிச் சாற்றில் சில இடங்களில் பன்றித்தோல் சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுவிட்டுச் சொல்லவேண்டும். கணக்குச் சீட்டில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருப்பது ஏமாற்று வேலையன்று. அது இருக்கைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம்.

பாஞ்ஞோ விஞ்ஞோனியில் மற்ற ஊர்களில் சந்தைச் சதுக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெந்நீர்க் குளம் இருக்கிறது. நாற்புறமும் வீடுகள், நடுவில் நீள்சதுரமாகக் கல் கட்டிய குளம், ஊற்றுக்கண்ணில் ஏறக்குறைய 50 பாகை சூட்டில் குமிழியிட்டு எழும் நீர். சியெனாவின் புனித கத்தரீனைத் துறவு எண்ணத்திலிருந்து திருப்ப அவருடைய தாய் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துவந்ததாகவும், அந்தப் பெண் மிகச் சூடான நீர் விழும் இடத்தைத் தேடிப்போய் நின்றதாகவும் அவர் வரலாறு சொல்கிறது. அந்த ஊற்று இதுவே என்பது ஊரார் மரபு. இந்தக் குளத்தில் இப்போது இறங்கக் கூடாது. ஆனால் நிரம்பி வழியும் நீர் ஊரின் விளிம்பில் சிறு வாய்க்கால்களாக ஓடிப் பாறைச் சரிவில் விழுகிறது. கோடையிலும் வற்றாத ஊற்று என்பதால் அந்தச் சரிவில் பாறையைக் குடைந்து மாவரைக்கும் ஆலைகள் வைத்திருந்தார்கள். அங்கே விழும்போது நீர் இளஞ்சூடாகிவிடும், வாய்க்காலில் கால் நனைக்கத் தடையில்லை. தந்தை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அரைமணி நேரம் கால்களை உள்ளே வைத்திருந்தார். அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் ஏறிய ஏற்றமெல்லாம் அந்த வாய்க்காலின் கொடை.

பட்டியலில் இருந்த சான் குவீரிக்கோவை வெளியிலிருந்தே கடந்தோம். பியென்சாவுக்குப் போகும் அந்தப் பத்து கிலோமீட்டரில், சைப்ரஸ் மரங்கள் இரண்டுக்கு நடுவே நிற்கும் வித்தலேத்தா மாதா சிற்றாலயத்தை வலப்பக்கம் பார்க்கலாம். படமெடுப்பதற்காக வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஓரத்தில் இடம் கிடையாது, பின்னால் வருகிறவர் ஊர்க்காரர், அவர் உங்கள் வேகத்தில் வரமாட்டார். பின்னால் அணிவகுத்துவிட்டால் அடுத்த விரிந்த இடத்தில் ஒதுங்கி அவர்களைப் போகவிடுவதே மரியாதை. சாலையிலிருந்து பிரிந்து பண்ணைகளுக்குப் போகும் வெள்ளைச் சரளைத் தடங்கள் அழகானவை. அவற்றில் பல பொதுவழி, சில தனியார் வழி, மழை பெய்தால் களிமண் சோப்பாகிவிடும். வாடகை ஒப்பந்தத்தில் சரளைச் சாலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

பியென்சாவுக்கு நான் அரை மணி ஒதுக்கியிருந்தேன். இரண்டு மணி நேரம் இருந்தோம். கொர்சிஞ்ஞானோ என்ற குக்கிராமமாக இருந்த இவ்வூரில் 1405-இல் பிறந்த ஏனேயா சில்வியோ பிக்கொலோமினி, கவிஞராகவும் பேரரசவைச் செயலாளராகவும் ஐரோப்பாவெங்கும் சுற்றிவிட்டு 1458-இல் இரண்டாம் பீயுஸ் என்ற பெயரில் போப்பாண்டவரானார். மறு ஆண்டு மாந்துவா மாநாட்டுக்குப் போகும் வழியில் பிறந்த ஊரைப் பார்த்து, அதன் நலிவைக் கண்டு, புதிய நகராக்க முடிவு செய்தார். பெர்னார்தோ ரொசெல்லீனோ என்ற கட்டடக்கலைஞர் மூன்றே ஆண்டுகளில் தேவாலயம், போப்பின் மாளிகை, ஆயர் மாளிகை, நகர மன்றம் ஆகியவற்றை ஒரு சிறிய சதுக்கத்தைச் சுற்றி நிறுத்திக்காட்டினார். ஊர் போப்பின் பெயரால் பியென்சா ஆயிற்று. செலவு மதிப்பீட்டைப் போலப் பன்மடங்கு ஏறிவிட்டது. ரொசெல்லீனோவின்மேல் புகார்கள் குவிந்தன. கட்டி முடித்ததைப் பார்த்த போப், 'நீ செலவைப் பற்றி உண்மையைச் சொல்லியிருந்தால் நாம் இதைத் தொடங்கியே இருக்கமாட்டோம். பொய் சொன்னது நல்லதாயிற்று' என்ற பொருள்பட மகிழ்ந்து, கூலியோடு நூறு பொற்காசும் செந்நிற அங்கியும் கொடுத்ததைத் தம் நினைவுக் குறிப்பில் தாமே எழுதிவைத்திருக்கிறார். அரசுத் துறையில் மதிப்பீட்டுப் புத்தகத்தோடு வாழ்ந்த என் தந்தைக்கு அன்று கேட்டவற்றில் மிகவும் பிடித்த கதை இதுதான். மூன்று முறை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தேவாலயத்துக்குள் பலிபீடத்தை நோக்கி நடந்தால் தரை சரிவதைக் கால் உணரும். சதுக்கத்துக்கு இடம் வேண்டிக் கட்டடத்தின் பின்பகுதியைக் குன்றின் விளிம்புக்குத் தள்ளியதால், அடியிலுள்ள நெகிழ்மண் அன்றுதொட்டே அமிழ்ந்துவருகிறது. மாளிகையின் தெற்கு முகம் மூன்றடுக்குத் தாழ்வாரமாகத் திறந்து, தொங்கும் தோட்டத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் அப்பால் 1,738 மீட்டர் உயர அமியாத்தா மலையைப் பார்த்து நிற்கிறது. காட்சிக்கென்றே ஒரு வீட்டின் முகத்தைத் திறந்து வைத்த முதல் கட்டடங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். வழிநெடுக ஊர்கள் பகைவனைப் பார்ப்பதற்காக நிலத்தைப் பார்த்தன. இங்கே ஒருவர் நிலத்தை நிலத்துக்காகவே பார்த்திருக்கிறார்.

மதிலோரப் பாதையில் உட்கார்ந்தபோது தந்தையின் வரப்புக் கேள்வி திரும்பி வந்தது, கூடவே இன்னொன்றும்: ஒவ்வொரு மேட்டிலும் ஒற்றை வீடு ஏன், கிராமமாக ஏன் சேர்ந்திருக்கவில்லை? முந்தின நாள் சியெனா நகர மன்றத்தில் அம்புரோஜியோ லொரென்சேத்தி 1338-39-இல் தீட்டிய நல்லாட்சிச் சுவரோவியத்தைப் பார்த்திருந்தோம். திறந்த நகர வாயில், வெளியே போகும் வேட்டைக்காரர், உள்ளே வரும் தானியக் கழுதை, கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கரும்பன்றி, அப்பால் இதே மேடுகள். மேலே பறக்கும் 'பாதுகாப்பு' என்னும் தேவதையின் கையில் தூக்குமரம். இந்தப் பள்ளத்தாக்கை 2004-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்ததற்கும், நல்லாட்சி பற்றிய அந்தக் கனவையொட்டி நகரம் திருத்தி அமைத்த நிலம் இது என்பதே காரணம். அந்தத் திருத்தத்தை நடத்தியது 'மெத்சாத்ரியா' என்ற முறை. நிலமும் வீடும் நகரத்து உடையவருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. குடும்பம் தன் நிலத்தின் நடுவிலேயே குடியிருக்கவேண்டும் என்பதால் மேட்டுக்கு ஒரு வீடு.

"அட, வாரச் சாகுபடி" என்றார் தந்தை. அதற்குப் பிறகு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கு அவர் விளக்கினார். ஆயிரம் ஏக்கரும் ஓர் உடையவர் கையில் என்றால், வரப்பு அவர் எல்லையில்தானே இருக்கும், நடுவில் எதற்கு என்றார்.

புதிய வார ஒப்பந்தங்களை 1964-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்கு முன்பே குடியானவர்கள் ஆலை வேலைக்கு நகரங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். காலியான பண்ணைகளுக்குச் சார்தீனியத் தீவிலிருந்து இடையர்கள் ஆடுகளோடு வந்தார்கள். பியென்சாவின் தெருக்களில் கடைக்குக் கடை அடுக்கியிருக்கும் பெக்கொரீனோ என்ற செம்மறிப்பால் பாலாடைக்கட்டியில் அவர்கள் கையும் இருக்கிறது. வாங்குவதானால் காற்று நீக்கிய உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கண்டிப்பான சைவக்காரர், பால் உறையவைக்க விலங்கின் இரைப்பைச் சாறு சேர்ந்ததா, முட்செடிப் பூச்சாறு சேர்ந்ததா என்று கேட்கவேண்டும். இரண்டும் உண்டு. வாரக்குடிகள் விட்டுப்போன வீடுகள்தாம் இப்போது வெளிநாட்டார் வாடகைக்கு எடுக்கும் பண்ணை விடுதிகள்.

பியென்சாவைவிட்டுக் கிளம்பியதும் எரிபொருள் முள் கீழே இறங்கிவிட்டது. ஆளில்லாத நிலையம், இயந்திரத்தில் 50 யூரோத் தாளைப் போட்டுப் பம்பு எண்ணை அமுக்கவேண்டும். தொட்டி 38 யூரோவிலேயே நிரம்பிவிட்டது. மீதியை இயந்திரம் திருப்பித் தராது. ஒரு சீட்டு மட்டும் வரும், அதை ஆள் இருக்கும் வேளையில் வந்து கொடுத்து வாங்கவேண்டும். மறுநாள் அங்கே யார் போவது? சின்னத் தாளாகப் போடுங்கள். 'பென்சீனா' என்பது பெட்ரோல், 'கசோலியோ' என்பது டீசல்; வண்டி மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மொந்தெபுல்ச்சானோவை அடைந்தபோது ஆறரை மணி. இங்கே முதலில் ஊருக்குள் போகவில்லை. ஊருக்குக் கீழே, சைப்ரஸ் சாலையின் முடிவில் புல்வெளியில் நிற்கும் சான் பியாஜோ தேவாலயத்துக்குப் போனோம். மூத்த அந்தோனியோ தா சாங்கால்லோ 1518-இல் கட்டத் தொடங்கியது. நான்கு பக்கமும் சமநீளக் கைகள், நடுவில் குவிமாடம். இரட்டைக் கோபுரத்தில் ஒன்றுதான் முழுமையடைந்திருக்கிறது. மாலை வெயிலில் அந்த டிராவர்டீன் கல் வெந்த ரொட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. பகல் முழுதும் பார்த்த கட்டடங்கள் எல்லாம் தெருவில் நெருக்கியடித்து நின்றவை. இதை மட்டுமே சுற்றிவந்து பார்க்க முடிகிறது.

ஊர் இதற்கு மேலே 600 மீட்டர் உயரத்தில் நீண்ட முதுகாகப் படுத்திருக்கிறது. கீழ் வாயிலிலிருந்து உச்சிச் சதுக்கம் வரை பிரதானத் தெரு ஏறிக்கொண்டே போகும். கீழே வண்டியை விட்டுவிட்டுச் சிறு பேருந்தில் ஏறினால் உச்சியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து இறங்கி நடப்பதே முழங்காலுக்கு உகந்த வழி. சீட்டைப் புகையிலைக் கடையில் வாங்கலாம், ஏறியதும் இயந்திரத்தில் முத்திரையிட மறக்கக் கூடாது. உச்சிச் சதுக்கத்தின் நகர மன்றம் ஃப்ளாரன்சின் பழைய மாளிகையைப் பார்த்துச் செய்ததுபோல் கோபுரத்துடன் நிற்கிறது. கிணற்றின் மேல் ஃப்ளாரன்சின் சின்னமான சிங்கங்கள். அதுவரை சியெனாவின் சின்னமான ஓநாயைப் பார்த்துக்கொண்டு வந்த எங்களுக்கு, எல்லை எங்கே மாறியது என்பதைக் கல்லே சொல்லிவிட்டது. "இதுதான் சர்வே கல்" என்றார் தந்தை.

பட்டியலில் இருந்த இன்னோர் ஊரான மோந்திக்கியெல்லோவுக்குப் போகவில்லை. இருட்டத் தொடங்கிய பின் பெத்தொல்லே வழியாகச் சியெனாவுக்குப் போகும் கட்டணமில்லாத இருவழி நான்குதடச் சாலையைப் பிடித்தோம். அதை அடையும் வரையிலான மலைப்பாதையில் மான் படம் போட்ட பலகைகளை வெறும் அலங்காரமென்று நினைக்கவேண்டாம். ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் விளக்கொளியில் நிதானமாகக் கடந்து போகும்வரை நாங்கள் நின்றிருந்தோம்.

சியெனாவில் வண்டியை மதிலுக்கு வெளியே, சாந்தா கத்தரீனா நிறுத்தத்தில் விட்டோம். அங்கிருந்து ஊருக்குள் போக மலைக்குள் நகரும் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். தந்தை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அதில் நின்றபடியே மேலே போனார். பாதி வழியில் திரும்பி, நாளைக்கும் வண்டி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அப்படியானால் இரண்டு ஊர் போதும் என்றார்.